டெஸ்லாப் பங்கு வாங்குவதற்கு முன் ஒரு தாளில் எழுதவேண்டியவை

என் தங்கையின் மகன் தெமட்டகொடையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். சம்பளத்தின் ஒரு பகுதி டொலரில் கிடைப்பதால், மூன்று ஆண்டுகளில் அவனுடைய வெளிநாட்டு நாணயக் கணக்கில் 6,000 டொலர் சேர்ந்திருக்கிறது. எசலப் போயா விடுமுறையன்று மாலை வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தவன், ஏழு மணிக்கு நியூயோர்க்கில் சந்தை திறந்த கணத்திலிருந்து கைபேசியை மேசையில் வைக்கவே இல்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. திரையில் அமெரிக்க மின்சாரக் கார் நிறுவனமான டெஸ்லாவின் பங்கு விலை பச்சையாகவும் சிவப்பாகவும் மாறி மாறித் துடித்தது. "பெரியம்மா, இப்ப வாங்காட்டி இனி எட்டாது" என்றான்.

முப்பது ஆண்டுகள் கணக்காய்வுத் தொழிலில் இருந்தவள் என்பதால், வாங்கு என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்வேன் என்று அவன் எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நான்கு கேள்விகளை எழுதி அவனிடம் கொடுத்தேன். இந்தப் பணம் எப்போது தேவைப்படும்? இன்றைய விலை நியாயமாக இருக்க வேண்டுமானால் என்னவெல்லாம் நடந்தாக வேண்டும்? கொழும்பில் இருந்துகொண்டு யாருடைய பெயரில், எந்த வழியாக இதை வைத்திருக்கப் போகிறாய்? எது நடந்தால் விற்பாய்? இந்த நான்குக்கும் ஒரே தாளில், சொந்தக் கையெழுத்தில், வேறொருவர் வாசித்தாலும் விளங்கும்படி பதில் எழுத முடியாதவர், எந்தக் கொந்தளிப்பான பங்கையும் வாங்குவதற்கு இன்னும் ஆயத்தமாகவில்லை என்பதே என் உறுதியான கருத்து. அன்றிரவு அவனோடு பேசியதை, அதே நிலையில் உள்ள மற்றவர்களுக்கும் பயன்படும்படி விரித்து எழுதுகிறேன்.

முதலில் பணத்தைப் பாருங்கள்

நிறுவனத்தைப் பற்றி ஒரு வரி வாசிப்பதற்கு முன், அதன் விலை இதுவரை எவ்வாறு நடந்துகொண்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டெஸ்லா 2010 ஜூன் மாதம் பங்கொன்று 17 டொலருக்குச் சந்தைக்கு வந்தது. பின்னர் 2020 இல் ஒரு பங்கு ஐந்தாகவும், 2022 இல் ஒரு பங்கு மூன்றாகவும் பிரிக்கப்பட்டதால், அந்த 17 டொலர் இன்றைய கணக்கில் ஒரு டொலரைச் சற்றுத் தாண்டிய தொகைதான். எல்லோரும் கண்ணில் ஏக்கத்தோடு சொல்லும் கதை இதுவே. அதே பங்கு 2021 நவம்பரில் சுமார் 410 டொலராக இருந்து, 2023 ஜனவரி தொடக்கத்தில் 108 டொலருக்கு இறங்கியது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. பின்னர் 2024 டிசம்பரில் 480 டொலரை நெருங்கி, மூன்று மாதங்களுக்குள், 2025 மார்ச்சில், 222 டொலருக்கு வந்தது. அந்த வீழ்ச்சியின் கடைசி நாளில் மாத்திரம் 15 சதவீதம் போனது.

410 இலிருந்து 108 க்கு இறங்குவது 74 சதவீத இழப்பு. அந்த 108 மீண்டும் 410 ஆவதற்கு 280 சதவீத ஏற்றம் வேண்டும். டெஸ்லா அந்த ஏற்றத்தைக் கண்டது, ஆனால் அதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் பணம் தேவைப்பட்டவர்களுக்கு அந்த மீட்சியால் எந்தப் பயனும் இருக்கவில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. போர் முடிந்த பின் கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச்சுட்டெண் 2009 இல் 125 சதவீதமும் 2010 இல் 96 சதவீதமும் உயர்ந்தது. அலுவலகத்தில் தேநீர் கொண்டுவரும் தம்பி முதல் பணிப்பாளர்கள் வரை எல்லோரும் பங்கைப் பற்றியே பேசிய காலம் அது. நானும் 2011 ஜனவரியில் ஒரு கம்பனியின் பங்கை வாங்கினேன். அந்தக் கம்பனியின் கணக்குகளை வாசித்துத்தான் வாங்கினேன், தெரிவு பிழையானதல்ல. ஆனால் அந்தப் பணம் மகளின் படிப்புக்காக ஒதுக்கியது. பெப்ரவரியில் சுட்டெண் 7,800 ஐத் தொட்டுத் திரும்பியது. 2012 நடுப்பகுதியில் 5,000 க்கும் கீழே இருந்தது. மகளின் கட்டணம் செலுத்த வேண்டிய வாரத்தில், போட்டதில் பாதிக்கும் குறைவான தொகைக்கு விற்றேன். அதன்பின் இரண்டு ஆண்டுகளில் அந்தப் பங்கு நான் வாங்கிய விலையைத் தாண்டிப் போனது. கம்பனியைப் பற்றிய என் கணிப்பு சரியாகவும், அதில் போட்ட பணம் தவறானதாகவும் இருந்தது.

ஆகவே தாளின் முதற் கேள்விக்கு இப்படிப் பதில் எழுதுங்கள். அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கேட்டு வரக்கூடிய செலவுகள் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் குறியுங்கள்: தங்கையின் கலியாணம், வீட்டு வாடகை முற்பணம், அம்மாவின் கண் சத்திரசிகிச்சை, கட்டி முடிக்க வேண்டிய சீட்டு. ஆறு மாதச் செலவுக்கான தொகையை நிலையான வைப்பிலோ, அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரமான திறைசேரி உண்டியலிலோ தனியாக வையுங்கள். நகையை அடகு வைத்த பணமும், வங்கிக் கடனும், சீட்டில் கழிவு கொடுத்து முன்கூட்டியே எடுத்த தொகையும் இந்தக் கணக்குக்குள் வரவே கூடாது. இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஏனென்றால் கடனுக்கு வட்டி மாதந்தோறும் வரும், பங்கின் ஏற்றம் எந்த மாதத்தில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மிஞ்சும் தொகை எவ்வளவாக இருந்தாலும் அதை முழுவதும் போட வேண்டியதில்லை. எவ்வளவு இழந்தால் வீட்டில் எவருடைய வாழ்க்கையும் மாறாது என்று ஒரு தொகையைத் தீர்மானித்து, அதை முக்காலால் வகுங்கள். மூன்று இலட்சம் ரூபாய் இழப்பைத் தாங்கலாம் என்றால், நான்கு இலட்சம் வரை போடலாம். முக்கால் என்ற அளவை நான் கற்பனையில் எடுக்கவில்லை. டெஸ்லாப் பங்கு ஏற்கெனவே ஒருமுறை இறங்கிக் காட்டிய அளவு அது.

விலைக்குள் என்ன இருக்கிறது

இரண்டாவது கேள்விதான் கடினமானது, பெரும்பாலானோர் தாண்டிப் போவதும் அதையே. காலி வீதியில் 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்துவிடப்பட்ட பின் எத்தனை மின்சாரக் கார்கள் ஓடுகின்றன என்று பாருங்கள், எதிர்காலம் இதுதானே என்று என் பெறாமகன் கேட்டான். எதிர்காலம் மின்சாரக் கார்தான் என்று நானும் நம்புகிறேன். ஆனால் நம் கண்ணில் படுபவற்றில் பெரும்பாலானவை சீனாவின் பி.வை.டி போன்ற நிறுவனங்களின் கார்கள். டெஸ்லாவின் பெரிய சந்தைகள் அமெரிக்காவும் சீனாவும் ஐரோப்பாவும். ஒரு தொழில்துறை வளர்வது வேறு, அதில் ஒரு குறிப்பிட்ட நிறுவனம் இலாபம் பார்ப்பது வேறு, அந்த இலாபத்துக்கு நாம் கொடுக்கும் விலை நியாயமானதாக இருப்பது இன்னும் வேறு.

விலையை எவ்வாறு சோதிப்பது என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். 2024 ஆம் ஆண்டின் கடைசி நாளில் டெஸ்லாப் பங்கு சுமார் 404 டொலர். அந்த ஆண்டில் பங்கொன்றுக்கான இலாபம் 2 டொலர் 4 சதம். அதாவது, வாங்குபவர் ஏறத்தாழ 200 ஆண்டுகளின் இலாபத்தை முன்கூட்டியே கொடுத்து வாங்கினார். பெரிய கார் நிறுவனங்களின் பங்குகள் வழக்கமாகப் பத்து ஆண்டு இலாபத்துக்கும் குறைவான விலையிலேயே கைமாறுகின்றன.

இதையே மறுபுறமாகத் திருப்பிப் பாருங்கள். அந்த நாளில் முழு நிறுவனத்தின் சந்தை மதிப்பு சுமார் 1,300 பில்லியன் டொலர். இத்தகைய ஆபத்தை ஏற்பவர் ஆண்டுக்குப் பத்துச் சதவீத வருவாயாவது எதிர்பார்ப்பது நியாயம். பத்தாண்டுகளுக்கு அந்த வீதத்தில் பெருகினால் மதிப்பு சுமார் 3,370 பில்லியன் டொலராக வேண்டும். அப்போது நிறுவனம் முதிர்ந்து, சந்தை அதற்கு இருபது ஆண்டு இலாபத்தையே விலையாகக் கொடுக்கும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டு இலாபம் 168 பில்லியன் டொலராக இருந்தாக வேண்டும். 2024 இல் அது ஈட்டியது 7.1 பில்லியன், எனவே இலாபம் ஏறத்தாழ 24 மடங்காக வேண்டும். ஒரு காரில் நிகரமாக 4,000 டொலர் மிஞ்சும் என்று தாராளமாகக் கணித்தாலும், அந்த இலாபத்துக்கு ஆண்டொன்றுக்கு 4 கோடி 20 இலட்சம் கார்கள் விற்க வேண்டும். 2024 இல் டெஸ்லா கையளித்தவை சுமார் 17 இலட்சத்து 90 ஆயிரம். உலகில் அதிக கார் விற்கும் டொயோட்டாவே ஆண்டுக்கு ஒரு கோடியைச் சற்றுத் தாண்டித்தான் விற்கிறது.

இந்தக் கணக்கு முடிந்ததும் பெறாமகன் சிறிது நேரம் பேசவில்லை. அதன் பொருள், இந்தப் பங்கை வாங்குபவர் ஒரு கார் நிறுவனத்தை மாத்திரம் வாங்கவில்லை என்பதே. சாரதி இல்லாமல் ஓடும் வாடகைக் கார்கள், மனித வடிவ ரோபோக்கள், மின்சேமிப்புக் கலங்கள் ஆகியவற்றிலிருந்து வரக்கூடிய, இன்னும் வராத இலாபத்துக்கே விலையின் பெரும்பகுதியைக் கொடுக்கிறார். அது நடக்காது என்று நான் சொல்லவில்லை. மின்சேமிப்புத் தொழில் உண்மையாகவே வேகமாக வளர்கிறது. ஆனால் அந்த நம்பிக்கையைத் தனது சொந்தச் சொற்களில், ஏன் இந்த நிறுவனம், ஏன் போட்டியாளர்கள் அல்ல என்ற காரணத்தோடு எழுதத் தெரியாதவர், கார் பிடித்ததற்காக ரோபோவுக்கு விலை கொடுக்கிறார். நீங்கள் வாங்க நினைக்கும் நாளின் விலையையும், இறுதியாக வெளிவந்த ஆண்டு இலாபத்தையும் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். கால்குலேட்டரோடு பத்து நிமிட வேலை.

அதன்பின் கணக்கறிக்கையை வாசியுங்கள். அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் எட்கர் எனும் தளத்தில் எல்லா ஆண்டு, காலாண்டு அறிக்கைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. யாருடைய யூடியூப் விளக்கமும் தேவையில்லை. நூறு பக்கத்துக்கு மேற்பட்ட ஆவணத்தில் நான் முதலில் தேடுவது மூன்று இடங்களை. உற்பத்திச் செலவு போக விற்பனையில் மிஞ்சும் மொத்த இலாப வீதம் முதலாவது: 2022 இல் 25.6 சதவீதமாக இருந்தது 2024 இல் 17.9 சதவீதமானது, ஏனெனில் விற்பனையைத் தாங்கிப் பிடிக்க விலைகள் தொடர்ந்து குறைக்கப்பட்டன. இரண்டாவது, காரின் விலையாக வராத வருமானம். மாசு விதிகளைப் பூர்த்தி செய்ய முடியாத மற்றைய கார் நிறுவனங்களுக்குத் மாசில்லாக் கார்களுக்காகத் தனக்குக் கிடைக்கும் உரிமப் புள்ளிகளை விற்று டெஸ்லா பணம் பெறுகிறது. 2020 இல் அந்த விற்பனையால் வந்தது 1.58 பில்லியன் டொலர், அந்த ஆண்டின் முழு நிகர இலாபமோ 0.72 பில்லியன்தான். 2024 இலும் அதிலிருந்து 2.76 பில்லியன் வந்தது. அரசு ஒரு சட்டத்தை மாற்றினால் மறையக்கூடிய வருமானம் இது. மூன்றாவது, ஒருமுறை மாத்திரம் வரும் இலாபம். 2023 இன் 15 பில்லியன் டொலர் நிகர இலாபத்தில் 5.9 பில்லியன் ஒரு வரிச் சீராக்கத்தால் வந்தது. அடுத்த ஆண்டு இலாபம் பாதியானது என்று பத்திரிகைகள் எழுதியபோது, அடிக்குறிப்பை முன்னரே வாசித்தவர்கள் அதிர்ச்சி அடையவில்லை.

எண்களுக்கு வெளியே ஒன்று இருக்கிறது. டெஸ்லாவை நடத்தும் எலோன் மஸ்க் என்ற ஒரு மனிதரின் சொல்லிலும் செயலிலும் இந்தப் பங்கு அசைகிறது. 2018 ஆகஸ்டில், நிறுவனத்தைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப் பணம் உறுதியாகிவிட்டது என்று அவர் இட்ட ஒரு பதிவின் விளைவாக, அவரும் நிறுவனமும் தலா 20 மில்லியன் டொலர் தண்டம் கட்ட நேர்ந்தது. 2022 இல் டுவிட்டரை வாங்குவதற்காகப் பெருந்தொகையான டெஸ்லாப் பங்குகளை விற்றார். 2025 ஜூன் 5 ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதியோடு அவருக்குப் பகிரங்கமாக மூண்ட வாக்குவாதத்தால், தொழிற்சாலையில் எதுவுமே மாறாத ஒரு நாளில், பங்கு 14 சதவீதம் இறங்கியது. இத்தகைய நாட்களில் உங்களுக்கு வயிறு கலங்குமா என்பதை நேர்மையாக எழுதுங்கள்.

டெஸ்லா விலை கூடியது, ஆகவே சிறிய நிறுவனம் ஒன்றில் போடலாம் என்று எண்ணுபவர்களுக்கு என் எச்சரிக்கை இன்னும் கடுமையானது. ரிவியன் என்ற அமெரிக்க மின்சார வாகன நிறுவனம் 2021 நவம்பரில் 78 டொலருக்குச் சந்தைக்கு வந்து ஒரு வாரத்தில் 170 டொலரைத் தாண்டியது. 2023 ஏப்ரலில் 15 டொலரைக் கூடப் பிடிக்க முடியவில்லை. வியட்நாமின் வின்பாஸ்ட் 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் நஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற இரண்டு வாரங்களில் உலகின் பெரிய கார் நிறுவனங்களை மதிப்பில் முந்தியது, காரணம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே பங்குகள் பொதுச் சந்தையில் கைமாறின. அக்டோபரில் பத்து டொலருக்கும் கீழே வந்தது. இதே துறையைச் சேர்ந்த லோர்ட்ஸ்டவுன் 2023 இலும், பிஸ்கர் 2024 இலும், நிக்கோலா 2025 இலும் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரின. இத்தகைய நிறுவனத்தில் பார்க்கவேண்டியது ஒன்றே: கையிருப்புப் பணத்தை, காலாண்டுக்குக் கரையும் பணத்தால் வகுத்துப் பாருங்கள். விடை எட்டுக்குக் குறைந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் அது மீண்டும் பங்கு விற்றோ கடன் பட்டோ பணம் திரட்ட வேண்டும்; பங்கு விற்றால், நிறுவனத்தில் உங்களுக்குள்ள உரிமையின் அளவு சுருங்கும்.

கொழும்பில் இருந்து வாங்குவது

அமெரிக்காவில் இருப்பவருக்கு இது கைபேசியில் ஓர் அழுத்தம். நமக்கு அப்படியல்ல. இலங்கையில் வசிப்பவர் வெளிநாட்டில் முதலீடு செய்வது 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் மூலதனக் கொடுக்கல் வாங்கலாகக் கருதப்படுகிறது. அதற்குரிய வழி, உரிமம் பெற்ற வங்கியொன்றில் திறக்கப்படும் வெளிமுக முதலீட்டுக் கணக்கு. 2020 ஏப்ரலிலிருந்து இத்தகைய பணம் அனுப்புதலைக் கட்டுப்படுத்தும் கட்டளைகள் வர்த்தமானியில் வெளியிடப்பட்டு, காலத்துக்குக் காலம் நீடிக்கப்பட்டும் திருத்தப்பட்டும் வந்திருக்கின்றன. ஆகவே எவ்வளவு அனுப்பலாம், எந்தக் கணக்கிலிருந்து அனுப்பலாம் என்பதை, நண்பரிடமோ என்னிடமோ கேளாமல், உங்கள் வங்கியின் வெளிநாட்டுச் செலாவணிப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். தெளிவில்லையென்றால் மத்திய வங்கியின் வெளிநாட்டுச் செலாவணித் திணைக்களத்துக்கு எழுதுங்கள். கடனட்டையால் வெளிநாட்டுத் தரகர் கணக்கை நிரப்புவது குறுக்கு வழி. அந்த அட்டைகள் அன்றாடத் தனிப்பட்ட கொடுப்பனவுகளுக்காக அனுமதிக்கப்பட்டவை.

நம்மவர்களுக்கு இன்னொரு வழி உடனே நினைவுக்கு வரும். "கனடாவில இருக்கிற சித்தப்பாட பேரில வாங்கினா என்ன?" என்று அவனும் கேட்டான். சித்தப்பா தங்கமானவர். ஆனால் அவர் பெயரில் வாங்கும் பங்கு சட்டப்படி அவருடையது. விற்றால் வரும் இலாபத்துக்கு அங்கே வரி கட்டுபவர் அவர். அவருக்குக் கடன் தொல்லை வந்தால், குடும்பத்தில் பிரிவு வந்தால், அவர் கண்ணை மூடினால், அந்தப் பங்கு அவருடைய சொத்துப் பட்டியலில் சேரும். உங்களிடம் இருப்பது வட்ஸ்அப்பில் வந்த ஒரு குறுஞ்செய்தி மாத்திரம். அந்தப் பணத்தை வங்கியைத் தவிர்க்கும் உண்டியல் முறையில் அங்கு அனுப்பினால், அது சட்டத்துக்குப் புறம்பானது என்பதோடு, பின்னர் இலாபத்தை நேர்வழியில் இங்கே கொண்டுவரும்போது அதன் மூலத்தைக் காட்டவும் முடியாது. உறவு கெடுவதற்கு இவ்வளவு தேவையில்லை.

சமூக ஊடகங்களில் விளம்பரமாகும் செயலிகளில் பல, பங்கை விற்பதே இல்லை. பங்கின் விலை ஏறுமா இறங்குமா என்பதன் மேல் செய்யும் ஒப்பந்தத்தை விற்கின்றன, அதுவும் போட்ட தொகையின் பல மடங்குக்குக் கடன் கொடுத்து. ஐந்து மடங்குக் கடனில், விலை 20 சதவீதம் இறங்கினால் உங்கள் முழுப் பணமும் போய்விடும். டெஸ்லா ஒரே நாளில் 15 சதவீதம் இறங்கியதை மேலே பார்த்தீர்கள். வாங்குவதற்கு முன், இந்தப் பங்கின் உரிமை எனக்கே வருகிறதா, பங்குதாரராக எனக்கு வாக்குரிமை உண்டா என்று கேளுங்கள். நேர்ப் பதில் வராவிட்டால் அது பங்கல்ல. எலோன் மஸ்க்கின் முகத்தையும் குரலையும் போலியாகச் செய்து, நாளொன்றுக்கு இவ்வளவு உறுதி என்று சொல்லும் காணொளிகளையும் வட்ஸ்அப் குழுக்களையும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: உறுதியான இலாபம் என்ற சொல்லைக் கேட்ட இடத்திலேயே வெளியேறுங்கள்.

ரூபாயையும் மறக்கக் கூடாது. 2021 நவம்பரில் டொலர் ஏறத்தாழ 202 ரூபாய். அன்று டெஸ்லாவில் 10,000 டொலரைப் போட்டவருக்கு அது 20 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய். 2023 ஜனவரியில் அவரிடம் எஞ்சியது சுமார் 2,630 டொலர், ஆனால் டொலர் 360 ரூபாயாகியிருந்ததால் ரூபாயில் சுமார் ஒன்பதரை இலட்சம். டொலரில் 74 சதவீதம் போனது, ரூபாயில் 53 சதவீதம். ரூபாய் வீழ்ந்தது அவரைக் காப்பாற்றியதுபோல் தோன்றினாலும், கொழும்பில் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டிருந்தது. அந்த ஒன்பதரை இலட்சத்தால் வாங்கக்கூடியது மிகவும் சுருங்கியிருந்தது. அதே 2022 இன் இறுதியில் திறைசேரி உண்டியலின் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பின்னர் ரூபாய் வலுப்பெற்று 300 அளவுக்கு வந்தபோது, பங்கின் ஏற்றத்தில் ஒரு பகுதியை அது விழுங்கியது. இரண்டு ஊஞ்சல்களில் ஒரே நேரத்தில் அமர்வதைப் போன்றது இது. சம்பளம் டொலரில் வருபவருக்கு இந்த ஆபத்து சற்றுக் குறைவு. செலவெல்லாம் ரூபாயில் என்றால் இல்லாமற் போய்விடாது.

வரியில் இரண்டைக் குறித்துக்கொண்டால் போதும். டெஸ்லா பங்கிலாபம் கொடுப்பதில்லை என்பதால் அமெரிக்காவில் பிடித்துவைக்கப்படும் வரி இப்போதைக்கு ஒரு பிரச்சினை அல்ல, ஆனால் இலங்கையில் வசிப்பவர் தன் உலகளாவிய வருமானத்தை இங்கே காட்ட வேண்டும். மற்றையது மரண வரி. அமெரிக்கர் அல்லாத, அங்கு வசிக்காத ஒருவர் அமெரிக்க நிறுவனப் பங்குகளை வைத்திருந்து இறந்தால், அங்குள்ள சொத்து 60,000 டொலரைத் தாண்டும் பகுதிக்கு 40 சதவீதம் வரை வரி வரலாம்; இதில் விலக்களிக்கும் உடன்படிக்கை இலங்கைக்கு இல்லை. சிறு தொகைக்கு இது தேவையற்ற கவலை. பங்கு பல மடங்கானால், வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டிய செய்தி. கணக்கின் விவரங்களை மனைவிக்கோ பெற்றோருக்கோ எழுதிக் கொடுக்காமல் கைபேசிக்குள் மாத்திரம் வைத்திருப்பவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

வாங்குவதென்று முடிவானால்

ஒரே நாளில் முழுவதையும் வாங்காதீர்கள். தொகையை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு காலாண்டு அறிக்கைக்குப் பின்னும் ஒரு பகுதியை, அந்த அறிக்கையை வாசித்த பிறகு மாத்திரம் வாங்குங்கள். கையளித்த கார்களின் எண்ணிக்கையை டெஸ்லா ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாட்களில் வெளியிடுகிறது. இலாபக் கணக்கு அதன்பின் இரண்டு முதல் நான்கு வாரங்களில் வரும். வாங்கும்போது நீங்கள் கொடுக்கத் தயாரான உச்ச விலையைக் குறிப்பிட்டே கட்டளை இடுங்கள். நமக்கு இரவு ஏழு மணிக்கோ, அமெரிக்காவின் குளிர்காலத்தில் எட்டு மணிக்கோ சந்தை திறந்ததும் வரும் முதல் அரை மணி நேரம் மிகவும் கொந்தளிப்பானது. அப்போது இராச்சாப்பாடு சாப்பிடுவது நல்லது. சந்தை மூடுவது நள்ளிரவு தாண்டி ஒன்றரைக்கோ இரண்டரைக்கோ. அதுவரை விழித்திருந்து பார்ப்பவர் முதலீடு செய்யவில்லை, உறக்கத்தை விற்கிறார்.

S&P 500 எனும் அமெரிக்கப் பெருநிறுவனங்களின் சுட்டெண்ணைப் பின்தொடரும் நிதியொன்றை ஏற்கெனவே வைத்திருப்பவரிடம், 2020 டிசம்பரிலிருந்து டெஸ்லாவும் சிறிதளவு இருக்கிறது. பலருக்கு அந்த அளவே போதுமானது என்பது என் எண்ணம்.

நான்காவது கேள்வி விற்பதைப் பற்றியது. விலையை வைத்து அதற்கு விடை எழுதாதீர்கள். விலை 30 சதவீதம் இறங்கினால் விற்பேன் என்று எழுதுபவர், இந்தப் பங்கில் ஏறத்தாழ ஆண்டுக்கொரு முறை விற்க வேண்டியிருக்கும். எந்தக் காரணத்துக்காக வாங்கினீர்களோ அது பொய்த்தால் விற்பேன் என்று எழுதுங்கள். கார் விற்பனை வளரும் என்பது காரணமானால், 2023 இல் 18 இலட்சத்து 10 ஆயிரமாக இருந்தது 2024 இல் 17 இலட்சத்து 90 ஆயிரமாகக் குறைந்ததைப் போன்ற ஓர் ஆண்டு உங்களை மீண்டும் தாளுக்குக் கொண்டுவர வேண்டும். அமெரிக்க மத்திய அரசு கொடுத்துவந்த 7,500 டொலர் வரிச் சலுகை 2025 செப்டெம்பர் 30 ஆம் தேதியோடு முடிவடைந்ததைப் போன்ற மாற்றங்களும் அப்படியே. சாரதியில்லா வாடகைக் கார்தான் காரணமானால், எத்தனை நகரங்களில், எந்த ஆண்டுக்குள், பாதுகாப்புக்கு ஆள் அமராமல் ஓடியாக வேண்டும் என்று உங்கள் கையால் ஓர் எண்ணை எழுதுங்கள். ஏறினால் என்ன செய்வது என்பதையும் எழுத வேண்டும்: அந்தப் பங்கு உங்கள் மொத்தச் சேமிப்பில் பத்தில் ஒன்றைத் தாண்டினால், தாண்டிய பகுதியை விற்றுப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுவது நான் பின்பற்றும் முறை.

போயா இரவு பதினொரு மணி வரை பெறாமகன் எழுதினான். தங்கையின் கலியாணத்துக்கும் ஆறு மாதச் செலவுக்கும் ஒதுக்கியபின், 6,000 டொலரில் மிஞ்சியது 1,400. அதில் முக்காலை இழந்தாலும் வீட்டில் எவருக்கும் குறையிராது என்று எழுதிக் கையெழுத்திட்டான். வங்கிக்குக் கேட்கவேண்டிய கடிதத்தை என் மேசையிலேயே தட்டச்சு செய்தான். விற்பதற்கான காரணங்களை மூன்று வரியில் எழுதினான். இரண்டாவது கேள்விக்குக் கீழே, சாரதியில்லாக் கார் ஏன் இந்த நிறுவனத்துக்கே வெற்றியாகும் என்ற இடத்தில், பேனையை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்துவிட்டு, "அறிக்கையை முழுக்க வாசிச்சிட்டு எழுதுறன் பெரியம்மா" என்றான். அந்த வரி இன்னும் வெறுமையாக இருக்கிறது. தாள் அவனுடைய கடவுச்சீட்டு வைத்திருக்கும் கோப்பில் இருக்கிறது. அக்டோபர் அறிக்கை வந்ததும் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.